இடைப்பட்ட உயரம்

முதலில் கத்தரிக்கோல் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஜீவனஹள்ளியில் நான் வேலை செய்யும் சலூனில் பெஞ்சு நிறைந்து வாசற்படியிலும் ஆட்கள் காத்திருந்தார்கள். ஒருவருக்கு உச்சந்தலை முடியைச் சீப்பால் தூக்கி வெட்டிக்கொண்டிருந்தேன். வலது கை தோள் உயரத்துக்குப் போனதும், உள்ளே எதையோ கதவிடுக்கில் வைத்து நசுக்கியதுபோல வலித்தது. விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. கத்தரிக்கோல் அவர் மடியில், போர்த்தியிருந்த துணியின்மேல் விழுந்தது.

"இன்னாண்ணா, தூக்கமா?" என்றார் அவர்.

"கை வழுக்கிடுச்சு சார்" என்றேன்.

கை வழுக்கவில்லை. ஆனால் வலிக்கிறது என்று சொன்னால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அது வலியைவிடப் பெரிய தொல்லை.

கையைத் தூக்க முடியாமல், சட்டை மாட்ட இன்னொருவரை எதிர்பார்த்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கோலார் தங்கவயலில் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பேச்சும் வராது. முடிவெட்டுபவனுக்கு வாய் ஓயாது என்பார்கள். என் நாற்காலிக்கு வருகிறவர்கள் சத்தம் பிடிக்காதவர்கள். அவர்களும் பேசமாட்டார்கள், நானும் பேசமாட்டேன். இப்படியே பல வருடங்கள் நன்றாகப் போயிற்று.

வலி விசித்திரமானது. கையைத் தொங்கவிட்டால் இல்லை. காதை ஒட்டி முழுவதும் மேலே தூக்கிவிட்டாலும் இல்லை. நடுவில் ஒரு உயரம் இருக்கிறது. நெஞ்சுக்கு மேலே, தலைக்குச் சற்றுக் கீழே. கை அந்த இடத்தைக் கடக்கும்போது மட்டும் உயிர் போகும். முடிவெட்டுபவனின் பிழைப்பு முழுவதும் அந்த இடைப்பட்ட உயரத்தில்தான் நடக்கிறது. அதற்குக் கீழேயும் மேலேயும் எனக்கு வேலையே இல்லை.

மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் நாற்காலியில் உட்கார்வார், மற்றவர் உடம்பைத் தேய்த்துப் பிடித்து மாலிஷ் செய்வார். பக்கத்து நாற்காலி அஸ்லம் பாயுடையது. என்னைவிட மூத்தவர். அவரிடம் மட்டும் சொன்னேன்.

"அரே தேவா, இதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சிருந்தே? நம்ம கை பட்டா நிக்கிற வலியா இது? உக்காரு."

கடுகெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்தார். பிறகு கையில் பட்டை கட்டி மாட்டுகிற அதிர்வு மெஷினை என் தோள்முனையில் வைத்து அழுத்தினார். பல்லெல்லாம் ஆடியது. கடைசியில் என் கையைப் பின்னால் முறுக்கி ஒரு இழுப்பு. சொடக்கென்று சத்தம் வந்தது.

"கேட்டுச்சா? போச்சு!" என்றார்.

எங்கள் தொழிலில் சத்தத்துக்குப் பெரிய மரியாதை. கழுத்தைத் திருப்பும்போது சொடக்குச் சத்தம் வராவிட்டால் சிலர் நாற்காலியைவிட்டு எழவே மாட்டார்கள். வலி இருக்கிற இடத்தை அடித்து, முறுக்கி, சத்தம் வரவழைத்தால் அது ஓடிவிடும் என்று நாங்களும் நம்பினோம். தினமும் செய்துகொண்டேன். எண்ணெய்ச் சூடு இருக்கும்வரை வலி தெரியாது. சாயங்காலம் இரண்டு பங்காகத் திரும்பி வரும். மறுநாள் இன்னும் பலமாகச் செய்யச் சொல்வேன். பாயும் குறை வைக்காமல் செய்வார். வீங்கிப்போன இடத்தைத்தான் இருவரும் சேர்ந்து குத்திக்கொண்டிருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

சில வாரங்களில் வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. சட்டையின் வலது கையை மாட்ட முடியவில்லை. என் மனைவி கலா கார்மென்ட்ஸ் ஃபேக்டரிக்குக் கிளம்பும் அவசரத்தில் தினமும் எனக்குச் சட்டை மாட்டிவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் மாலிஷ் பண்றவரு சட்டைக்கு ஆள் தேடுறாரு" என்றாள் ஒரு நாள். பிறகு பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு செவ்வாக்கிழம. உங்களுக்குக் கடை லீவு. நானும் லீவு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"பரவால்ல, ரெண்டு நாள் பாக்கலாம்…"

"உங்க பரவால்லய நான் கல்யாணமான நாளா பாத்துட்டுதான் இருக்கேன்."

எலும்பு டாக்டர் என் கையைப் பக்கவாட்டில் தூக்கினார். அந்த உயரம் வந்ததும் நான் தோளைக் காதுவரை ஏற்றிக்கொண்டேன். அவர் தலையசைத்தார். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். எல்லாம் பார்த்துவிட்டுப் படம் வரைந்து காட்டினார். இதன் பெயர் ஷோல்டர் இம்பிஞ்மென்ட் (தோள்முனை எலும்புக்கும் கை எலும்பின் தலைக்கும் நடுவே தசைநார் சிக்கி நசுங்குவது). அந்தச் சந்தில் பர்சா (உராயாமல் காக்கும் சின்ன நீர்ப்பை) வீங்கியிருந்தது. தசைநார் கிழியவில்லை.

"மாலிஷ், மெஷின் எல்லாத்தையும் இன்னையோட நிறுத்துங்க" என்றார். "மாத்திரை தரேன். கொஞ்ச வாரம் பிசியோதெரபி (கையாலும் பயிற்சியாலும் செய்யும் சிகிச்சை) பண்ணுங்க. அதுக்கும் கேக்கலன்னா ஊசி போடறதப் பத்தி யோசிக்கலாம். என்ன வேலை?"

நான் வாய் திறப்பதற்குள் கலா சொன்னாள்: "கட்டிங் பண்றாரு சார்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "வேற வேலை ஏதாவது கிடைக்குமா பாருங்க. கையைத் தூக்காத வேலை."

அவர் கடுமையாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது அது ஒன்றுதான் காதில் இருந்தது. கையைத் தூக்காத வேலை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பழம் அடுக்குகிறவர், பக்கத்துப் பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கிறவர், சுவரில் சுண்ணாம்பு அடிக்கிறவர். எல்லார் கையும் மேலேதான் இருந்தது.

கடை முதலாளி முனிராஜுவிடம் மறைக்க முடியவில்லை.

"ஏனப்பா தேவராஜு, டாக்டர் என்ன சொன்னாரு?"

சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "ஆயுத பூஜை வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள சரியாகலன்னா உன் சேருக்கு வேற ஆள் போடறேன். நீ எங்கேயும் போக வேணாம். கவுண்டர்ல உக்காரு. வர்ற கஸ்டமர்கிட்ட நாலு வார்த்தை சிரிச்சுப் பேசி உக்கார வை. அவ்ளோதானே?"

முனிராஜு கெட்டவர் இல்லை. இரக்கப்பட்டுத்தான் சொன்னார். எனக்குக் கோபம் வந்ததும் அதனால்தான். என் தோள் இன்னும் என்னிடம்தான் இருந்தது. அதற்குள் அவர் அதற்குக் காரியமே முடித்துவிட்டார். அவர் சொன்ன அந்த நாலு வார்த்தையைத் தினமும் ஊராரோடு பேசுவதைவிட, வலியோடு வெட்டுவதே மேல் என்று அன்றைக்குத் தோன்றியது. ஆனாலும் தலையை ஆட்டினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பிசியோதெரபி பிரிவுக்குப் போனேன். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் நீளமான அறை. கட்டிலுக்குக் கட்டில் நடுவே பச்சைத் திரை. என்னைப் பார்த்தவர் சைத்ரா மேடம். கன்னடக்காரர், தமிழ் பேசுவார். வயதில் மிகச் சின்னவர்.

"சட்டை கழட்டுங்க தேவராஜ் அவரே."

"பனியனோட இருக்கட்டும் மேடம்."

"பனியனுக்கு வலி இல்லையே."

கழற்றினேன். தலை நிமிரவில்லை. எத்தனையோ பேரின் கழுத்தும் கன்னமும் என் கையில் இருந்திருக்கின்றன. என் உடம்பை இப்படி ஒருவர் உட்காரவைத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவர் செய்தது சாஃப்ட் டிஷ்யூ மொபிலைசேஷன் (இறுகிப்போன தசையையும் அதன் உறையையும் கையால் மெதுவாக அழுத்தி, நகர்த்தி, இளக்குவது). எண்ணெய் இல்லை, தட்டுவது இல்லை, சத்தம் இல்லை. கட்டைவிரல் ஒரே இடத்தில் போய் நிற்கும். தோள் எலும்புக்குப் பின்னால், நெஞ்சின் மேல் ஓரத்தில், அக்குளின் உள்ளே. வலிக்கிற இடத்தை விட்டுவிட்டு ஏன் மற்ற இடங்களில் அழுத்துகிறார் என்று புரியவில்லை. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் எனக்குத் தெரியாத ஒரு வலி காத்திருந்தது.

"நோவு இதியா? வலிக்குதா? பத்துக்கு எத்தனை?"

"பரவால்ல மேடம். ரெண்டு."

"இங்க?"

"ரெண்டு."

"இங்க?"

"பரவால்ல."

மறுநாள் தோள் வீங்கிவிட்டது. சீப்பைப் பிடிக்க முடியவில்லை. இதுவும் பாயின் மெஷினைப் போலத்தான் என்று நினைத்தேன். போவதை நிறுத்திவிடலாம் என்றும் நினைத்தேன். கலாதான் விடவில்லை.

அடுத்த வாரம் சட்டையைக் கழற்றியதும் சைத்ரா மேடம் கன்றியிருந்த இடத்தைப் பார்த்தார். "இதா ரெண்டு?" என்று கேட்டார். நான் சிரித்து வைத்தேன். அவர் மறுபடியும் மெதுவாக அழுத்தினார். ஆனால் தோளைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார்.

"தேவராஜ் அவரே, வாய் பரவால்லன்னு சொல்லுது. கால் விரலைப் பாருங்க, அழுதுட்டு இருக்கு."

குனிந்து பார்த்தேன். பத்து விரல்களும் பாதத்துக்குள் சுருண்டிருந்தன.

எனக்கு அது தெரிந்த விஷயம். சவரம் செய்யும்போது பிளேடு இழுத்தால் சில பேர் சொல்லமாட்டார்கள். கேட்டால் "பரவால்ல" என்பார்கள். போர்த்திய துணிக்கு உள்ளே முஷ்டி இறுகுவது தெரியும். அதைப் பார்த்து நான் பிளேடை மாற்றுவேன். அப்படிப்பட்ட வாடிக்கையாளர்களை மனதுக்குள் திட்டியும் இருக்கிறேன். அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னால் நானே அப்படி ஒருவனாக உட்கார்ந்திருந்தேன்.

"தாங்கக்கூடிய வலி வேற, தாங்கக்கூடாத வலி வேற" என்றார் மேடம். "ரெண்டும் எங்க மாறுதுன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்க மறைச்சா என் கைக்குக் கண்ணு இல்ல. இப்ப நிஜம் சொல்லுங்க."

கட்டைவிரல் அக்குளுக்குள் போனது.

"வலிக்குது!"

நான் நினைத்ததைவிடப் பெரிய சத்தம். திரைக்கு அந்தப் பக்கம் முழங்காலுக்கு வந்திருந்த ஒரு அம்மா கேட்டார்: "யாருப்பா அது, பிரசவமா?"

எல்லாரும் சிரித்தார்கள். சைத்ரா மேடம் சிரித்தார். எனக்குக் காது சுட்டது, ஆனால் நானும் சிரித்துவிட்டேன். ஊரே திரும்பிப் பார்த்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதன் பிறகு சிகிச்சை வேறு மாதிரி ஆனது. "ஏழு" என்பேன். அவர் அழுத்தத்தைக் குறைத்து அதே இடத்தில் நிற்பார். "இப்ப அஞ்சு… இப்ப நாலு" என்பேன். காய்ந்து ஒட்டிக்கொண்ட சோப்பு நுரை வெந்நீர் பட்டதும் இளகுமே, அப்படி அந்த முடிச்சு விட்டுக்கொடுக்கும். அழுத்துகிறவருக்கும் அழுத்தப்படுகிறவருக்கும் நடுவில் பேச்சு நடந்தால்தான் இந்த வைத்தியம் வேலை செய்யும். கூச்சப்படுகிறவர்களே, இதை மட்டும் நினைவில் வையுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பது வீரம் இல்லை. அது வைத்தியரின் கண்ணைக் கட்டிவிடுவது.

ஆனால் கை வைத்தியத்தோடு முடியவில்லை.

"என் கை கதவைத் திறந்துவிடும், அவ்ளோதான்" என்றார் மேடம். "நடக்கறது உங்க வேலை."

பயிற்சிகள் பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டுப் போல இருந்தன. முழங்கையை விலாவோடு ஒட்டி, நடுவில் சுருட்டிய துண்டை வைத்து, ஜன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பட்டையை வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். சுவரில் இரண்டு கையையும் வைத்து மெல்ல மேலே நகர்த்த வேண்டும். இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் ஒன்று சேர்த்துப் பிடித்து, மெதுவாக விட வேண்டும். இவையெல்லாம் ரொட்டேட்டர் கஃப் (தோள்மூட்டைச் சுற்றிப் பிடித்து, கை எலும்பை அதன் குழியில் நிறுத்தும் நான்கு சிறு தசைகள்) பலம் பெறுவதற்காக. அந்தத் தசைகள் சோர்ந்துபோனால் கையைத் தூக்கும்போது எலும்பு மேலே ஏறி முட்டும், தசைநார் நசுங்கும். பாய் எவ்வளவு முறுக்கினாலும் அந்தத் தசைகளுக்குப் பலம் வராது.

"தோளைத் தூக்காதீங்க" என்பது மேடம் அடிக்கடி சொன்ன வார்த்தை. ஒரு நாள் என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார். நாளெல்லாம் கண்ணாடி முன்னால்தான் நிற்கிறேன், ஆனால் அதில் வாடிக்கையாளர் தலையைத்தான் பார்ப்பேன். அன்று என்னைப் பார்த்தேன். முன்னால் வளைந்த தோள். உள்ளே இழுத்த கழுத்து. யார் கண்ணிலும் படாமல் இருக்க நெஞ்சை ஒடுக்கி நிற்கிற ஒரு மனிதன்.

"இப்படிச் சுருங்கி நின்னா, தோளுக்குள்ள இருக்கற இடமும் சுருங்குது" என்றார். "நெஞ்சை விரிச்சு நில்லுங்க. உங்களுக்கு இவ்ளோ இடம் இருக்கு, எடுத்துக்கோங்க."

கூச்சம் மனசில்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அது என் எலும்பையும் வளைத்து வைத்திருந்தது.

எங்கள் வீட்டு ஜன்னல் சந்துப் பக்கம் பார்த்தது. நான் ரப்பரை இழுப்பதைப் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். "இன்னா தேவராஜண்ணா, பயில்வான் ஆவப் போறீங்களா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். முதல் சில நாள் அவர் வேலைக்குப் போகும்வரை காத்திருந்து செய்தேன். பிறகு ஜன்னலை முழுவதும் திறந்து வைத்துச் செய்தேன். பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏறுமுகமாக மட்டும் போகவில்லை. நடுவில் ஒரு வாரம் வலி பழையபடி வந்தது. ரப்பரைச் சுருட்டிப் போட்டுவிட்டேன். கலா அதை எடுத்து மறுபடியும் ஜன்னலில் கட்டினாள்.

"வலிக்குதா, பயமா இருக்குதா?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். "பயம்" என்றேன்.

"அப்ப மெதுவா இழுங்க."

மேடமும் அதையே சொன்னார். பயிற்சி செய்யும்போது லேசாக வலித்து அன்றைக்கே அடங்கினால் பரவாயில்லை. மறுநாளும் நின்றால் குறைக்க வேண்டும். வலிக்கிற ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏதோ உடைகிறது என்று அர்த்தம் இல்லை. இதை நம்ப எனக்கு வெகு நாளாயிற்று.

கை முழுவதும் மேலே போகத் தொடங்கியது. இரவு வலது பக்கம் படுத்தேன். சட்டையை நானே மாட்டினேன். ஆனால் கடைக்குப் போய் வேலை செய்தால் சாயங்காலம் பழைய வலி வந்து உட்கார்ந்துவிடும். சைத்ரா மேடம் யோசித்தார். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, துண்டைப் போர்த்திக்கொண்டார்.

"எனக்குக் கட்டிங் பண்ணுங்க. கத்தரிக்கோல் இல்லாம. கடையில பண்ற மாதிரியே."

நான் வெறும் விரலால் வெட்டிக் காட்டினேன்.

"உங்க கடையில சேர் இவ்ளோ ஒசரம்தானா?"

"இல்ல மேடம். இன்னும் ஒசரம்."

"இறக்க முடியாதா?"

அந்த நாற்காலியின் கதையைச் சொன்னேன். பழைய நாற்காலி. வெட்டிக்கொண்டிருக்கும்போதே மெல்ல இறங்கிவிடும். அதனால் முனிராஜு அதை வெல்டிங் வைத்துவிட்டார். எனக்கு முன்னால் அதில் வேலை செய்தவர் நெட்டை. அவர் உயரத்துக்கு வைத்த வெல்டிங். நான் குள்ளம். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அவர் உச்சந்தலைக்கு என் முழங்கை தோளுக்கு மேலே போக வேண்டும்.

"இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லலயா?"

"சொல்லல மேடம்."

அவர் சிரிக்கவில்லை. துண்டை மடித்து வைத்தார். "நான் வாரம் ஒரு நாள் சரி பண்றேன். அந்த சேர் ஆறு நாள் கெடுக்குது. ஒண்ணு சேர் கீழ வரணும். இல்ல, நீங்க மேல போகணும்."

ஆயுத பூஜைக்கு அதிக நாள் இல்லை. மறுநாள் காலையில் கடை திறந்ததும் முனிராஜுவிடம் கேட்டேன். வீட்டில் கலாவிடம் பலமுறை ஒத்திகை பார்த்த வாக்கியம்.

"சேரை வெட்டி கொஞ்சம் இறக்கிக் கொடுங்கண்ணா."

"ஆகல்ல தேவராஜு, முடியாது. வெல்டிங் எடுத்தா மொத்தமா உக்காந்துடும். ஹப்பா முடியட்டும், பாக்கலாம்."

ஹப்பா, அதாவது பண்டிகை, முடிந்தால் அந்த நாற்காலியில் வேறு ஆள் நிற்பான். அது எனக்குத் தெரியும்.

பழக்கடையிலிருந்து காலி ஆப்பிள் பெட்டிகள் வாங்கினேன். அடுத்த செவ்வாய்க்கிழமை கலா பிடித்துக்கொள்ள, நான் அவற்றைச் சேர்த்து ஆணி அடித்தேன். மேலே பிளைவுட், அதற்கு மேல் வழுக்காத ரப்பர் மேட். நாற்காலியின் இரண்டு பக்கமும் பின்பக்கமும் சுற்றி வருகிற மாதிரி மூன்று பெட்டிகள். சுத்தியலை வலது கையில்தான் பிடித்தேன். முழங்கையை விலாவோடு ஒட்டி அடித்தேன்.

புதன்கிழமை எல்லாருக்கும் முன்னால் போய்ப் பெட்டிகளைப் போட்டேன். முதல் ஆள் வந்து உட்கார்ந்தார். நான் ஏறினேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். கடையில் இருந்த எல்லாரையும்விட உயரத்தில் நின்றேன். எதிர்க் கண்ணாடியிலும் நான். பக்கத்துக் கண்ணாடியிலும் நான்.

"ஓஹோ!" என்றார் பெஞ்சில் இருந்தவர். "அண்ணன் எலக்ஷன்ல நிக்கிறாரா? மைக் எங்க?"

"மாலை யாருப்பா போடறது?" என்றார் இன்னொருவர்.

அஸ்லம் பாய் கிராப் வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "க்யா பாத் ஹை தேவா, பலே! இத்தினி நாளா உனக்குத் தலை இருக்குன்னே எனக்குத் தெரியாது."

காது சுட்டது. கழுத்து தானாக உள்ளே போகப் பார்த்தது. நெஞ்சை விரித்தேன். சீப்பால் உச்சந்தலை முடியைத் தூக்கினேன். முழங்கை நெஞ்சுக்குக் கீழேயே நின்றது. கத்தரிக்கோல் ஓடியது. நசுங்கவில்லை.

பாதித் தலையில் முனிராஜு வந்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏன் இது? தேங்கா மண்டியா, சலூனா? எடு. கஸ்டமர் தடுக்கி விழுந்தா யார் பாக்கறது?"

"சேருக்குப் பக்கத்துலயும் பின்னாடியும்தான் இருக்குது, முன்னாடி வழி இருக்குதுண்ணா. நான்தான் ஏறணும், அவங்க ஏற வேணாம்."

"பாக்க நல்லா இல்ல. கடை பேரு கெடும். எடுன்னு சொன்னேன்."

பெஞ்சு முழுவதும் என்னைப் பார்த்தது. வாயில் "சரிண்ணா" தயாராக இருந்தது. அது எப்போதும் தயாராக இருக்கும். கீழே பார்த்தேன். ரப்பர் மேட்டின்மேல் என் கால்விரல்கள் சுருண்டிருந்தன. அவற்றை விரித்தேன்.

"மாட்டேன்" என்றேன்.

எனக்கே அது யார் குரல் என்று தெரியவில்லை.

"இந்தப் பெட்டி இருந்தா என் கை வேலை செய்யும். இல்லன்னா செய்யாது. கவுண்டர்ல உக்கார மாட்டேண்ணா. அங்க உக்காந்தா என் கை செத்துடும். பெட்டி போனா நானும் போறேன்."

அஸ்லம் பாய் கையிலிருந்த கிளிப்பர் மெஷினை அணைத்தார். "முனிராஜு, இவன் இப்பதான் மொத்தமா பேசியிருக்கான். இதுக்கு மேல நீ பேச வெச்சா, அப்புறம் நிறுத்த மாட்டான். உட்டுடு."

நாற்காலியில் இருந்தவர் கண்ணாடி வழியாகவே சொன்னார்: "சார், எனக்கு ஒரு பக்கம்தான் வெட்டியிருக்கு. சண்டைய அப்புறம் வெச்சுக்கலாமா?"

முனிராஜு கவுண்டருக்குப் போனார். நான் மறுபக்கத்தை வெட்டி முடித்தேன்.

ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவி, கத்தரிக்கோல், கத்தி, கிளிப்பர் எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்தோம். முனிராஜு நாற்காலிகளுக்கும் கண்ணாடிகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தார். என் நாற்காலிக்கும் வைத்தார். பெட்டிகளைத் தாண்டிப் போனார். மறந்து போகவில்லை, அது அவர் முகத்தில் தெரிந்தது.

நான் தட்டை எடுத்தேன். குனிந்து மூன்று பெட்டிகளுக்கும் குங்குமம் வைத்தேன். பிறகு கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, என் வலது தோளுக்கும் ஒரு பொட்டு வைக்கலாமா என்று நினைத்தேன். அஸ்லம் பாய் பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன். அந்த அளவுக்கு இன்னும் தேறவில்லை.

வேறு ஆள் வரவில்லை. பெட்டிகள் இருக்கின்றன.

முழுவதும் சரியாகிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. மழைக்காலச் சாயங்காலங்களில் தோள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். ரப்பர் பட்டை இன்னும் ஜன்னலில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போவது நின்றுவிட்டது, பயிற்சி நிற்கவில்லை. நிறுத்தினால் திரும்பி வரும் என்று மேடம் சொல்லியனுப்பினார். உங்கள் தோளுக்கு என் பயிற்சி பொருந்தும் என்றும் சொல்லமாட்டேன். படித்தவர் ஒருவர் கை வைத்துப் பார்த்துச் சொல்லட்டும். நீங்கள் செய்ய வேண்டியது, அவர் கேட்கும்போது நிஜத்தைச் சொல்வது.

இப்போது நான் யார் கழுத்தையும் சொடக்கெடுப்பதில்லை. கேட்டால் அஸ்லம் பாயைக் காட்டுகிறேன். "வலிக்குதா?" என்று கேட்கிறேன். "பரவால்ல" என்று பதில் வந்தால் பிளேடை எடுத்துவிட்டு நிற்கிறேன். துணிக்குள்ளே முஷ்டி விரியும்வரை நிற்கிறேன்.

முன்பெல்லாம் எனக்குத் தோள் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கை என்றால் விரல், விரல் என்றால் கத்தரிக்கோல். ஒரு தலை முடிந்தால் அடுத்த தலை. நாள் அப்படியே கழியும். இப்போது கை மேலே போகும் வழியெல்லாம் எனக்குத் தெரிகிறது. எங்கே கிளம்புகிறது, எங்கே அந்த உயரத்தைத் தொடுகிறது, எப்படி அதைக் கடக்கிறது. கடக்கிற ஒவ்வொரு தடவையும் அது எனக்குத் தெரிகிறது.

ஒவ்வொரு தலைக்கும் நடுவில் பெட்டியிலிருந்து இறங்குகிறேன். கைகளைத் தொங்கவிட்டு, தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்து, நிதானமாக மூச்சு விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திலும் அப்படித்தான். பெஞ்சில் இருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள்.

காத்திருக்கட்டும்.